மொசைக்கும் விரால் மீனும்

ராஜபாளையத்தில் 1957-இல் வில்சனின் அப்பா கட்டிய வீட்டு முன்னறையைப் போல மூவுலகத்திலும் ஒன்று கிடையாது. நாலாவது உலகம் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் அங்கேயும் இருக்காது. ரிட்டயரான கணக்கு வாத்தியார் வில்சனின் தீர்ப்பு இது. கப்பல் முகப்பைப் போல அரைவட்ட பால்கனி. அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டியாகக் காலை அகட்டி நிற்கும் நாற்காலிகள். நடுவில் முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு டீப்பாய்.

ஆனால் யார் கண்ணிலும் எதுவும் படாது. மனைவி ஏசம்மாள் கல்யாணமாகி வந்த அன்றைக்கே மூட ஆரம்பித்தவர். நாற்காலிக்கு உறை, உறைக்கு மேல் துண்டு; டீப்பாய்க்குப் பூத்துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக். தூசி வருமென்று, பூப்பூவாக ஓட்டை வைத்த சிமெண்ட் ஜாலியை மறைத்து மலைபோல ஒரு பீரோ. தரையில் சுவருக்குச் சுவர் லினோலியம் விரிப்பு. முப்பத்தைந்து வருஷத்தில் விரிப்பு கறுத்துவிட்டது. அடியில் என்ன இருந்ததென்பது மூடியவருக்கே மறந்துபோனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை பரிபூரணம் மார்பிள் போட்ட பிறகு ஏசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ வீட்டுத் தரையில முகம் பாத்துத் தலை சீவலாம். நம்ம வீடு கரிக்கடை மாதிரி இருக்கு. திங்கக்கிழமை கொத்தனார் சமுத்திரம் வாரான். பேத்துட்டு மார்பிள்தான்."

"ஏட்டி, கீழ மொசைக் இருக்குட்டி! கிளிப்பச்சையில வெள்ளைச் சில்லு. அரமனையில கூட கெடையாது!"

"ஒங்க பேச்சை யாரு நம்புவா? சேத்தூர் கண்மாயில ஆனையளவு விரால் பாத்தேன்னு சொன்ன ஆளுதான நீய?"

"ஆனைக்குட்டி அளவுன்னுதான சொன்னேன்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நிரூபிக்கப் பார்த்தார் வில்சன். பீரோ அழுத்தியதில் விரிப்பின் ஒரு மூலைதான் கிளம்பியது. உள்ளே அட்டக் கறுப்பு. மொசைக்கின் ஓரப்பட்டை கறுப்பு என்பது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கிளிப்பச்சையாம்! தார் ரோடு போட்டு வச்சிருக்காக ஒங்க அப்பா," என்றார் ஏசம்மாள்.

திங்கட்கிழமை சமுத்திரம் உளியோடு வந்தபோது வில்சன் முன்னறை நடுவில் சம்மணம் போட்டிருந்தார்.

"மொதல்ல என்னையப் பேருலே. பொறவு தரையைப் பேரு."

"செத்த நேரம் எந்திரிங்க வாத்தியாரே. பீரோவை நகத்தணும்."

வில்சன் முனகிக்கொண்டே எழுந்ததும், கூட வந்த ஆட்கள் பீரோவை நகர்த்தினார்கள். ஜாலி வழியாக வெயில் உள்ளே குதித்தது. சமுத்திரம் விரிப்பைச் சர்ரென்று இழுத்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். பச்சை! முப்பத்தைந்து வருஷமாக யார் காலும் படாத பச்சை. அதன்மேல் ஜாலியின் நிழல் பூப்பூவாக விழுந்து கிடந்தது.

ஏசம்மாள் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணா வந்து நின்னப்போ இதை மிதிக்கவே எனக்கு மனசு வரல," என்றார் மெல்ல. "அதான் மூடுனேன்."

"வாத்தியாரம்மா, உளியை வைக்கவா?"

"வச்சுப் பாரு, கையை ஒடிச்சிருவேன்! பாலிஷ் மட்டும் போடு. பரிபூரணம் வந்து பாக்கட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலி உறைகளை அவரே உருவத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. புருஷனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப அந்த விரால்…?"

"ஆனையளவு," என்றார் வில்சன். "ஒனக்காகத்தான் கொறச்சுச் சொன்னேன்."