ஊன்றிய கால்

தாம்பரம் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த வேதசிரோமணிக்கு மோட்டார் சைக்கிள் ஆசை முப்பத்து மூன்றாம் வயதில் வந்தது. 1967 பொங்கல் விடுமுறையில் பல்லாவரத்தில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தார். திரிசூலம் கல்குவாரிப் பக்கம் மோட்டார் சைக்கிள் போட்டி நடக்கிறது என்று யாரோ சொல்ல, வேடிக்கை பார்க்கக் கிளம்பினார்.

அங்கே யாரும் வேகமாகப் போகவில்லை. பாறைகளுக்கு நடுவே துணிப்பட்டைகள் கட்டி வளைந்து வளைந்து ஒரு பாதை விட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர்கள் இருக்கையில் உட்காராமல் இரண்டு மிதிகளிலும் எழுந்து நின்றுகொண்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வண்டியை ஊர விட்டார்கள். பாதையோரம் ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் விசில் தொங்க நின்ற ஒருவரிடம் வேதசிரோமணி விவரம் கேட்டார். அவர் போட்டியை நடத்திய சங்கத்தின் செயலாளர் தயாளன்.

"கால் கீழ படக்கூடாது சார், அவ்வளவுதான் ஆட்டம். பாதையைக் கட்டம் கட்டமா பிரிச்சிருக்கோம். ஒரு கட்டத்துல ஒரு தடவை ஊனினா ஒரு புள்ளி. அதுக்கு மேல ஊனினா மூணு. வண்டி நின்னாலோ விழுந்தாலோ அஞ்சு. கடைசியில யாருக்குப் புள்ளி குறைச்சலோ அவருக்குத்தான் கப்."

"வேகமா போனா?"

"அதுக்கு ஒண்ணும் கிடையாது."

வேதசிரோமணி வெயிலில் நின்று கடைசி வண்டி போகும்வரை பார்த்தார். மைத்துனர் வீட்டில் அவருக்காகச் சாப்பாடு காத்திருந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய இடது கால் மெலிந்து, வலது காலைவிடக் குட்டையாக வளர்ந்திருந்தது. விறைப்பாக நிறுத்தினால் உடம்பைத் தாங்கும். ஆனால் எட்டி ஊன்றவோ, அழுத்தி மிதிக்கவோ வராது. பள்ளிக்கூடத்தில் டிரில் நேரத்தில் மற்றப் பையன்களின் சட்டைகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார வைத்தார்கள். கல்லூரியில் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதினார். இதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. காலை ஊன்றுவதே குற்றமாக இருக்கிற ஒரு விளையாட்டு உலகத்தில் உண்டு என்பது மட்டும் அன்றைக்கு அவருக்குப் புதிதாக இருந்தது.

மனைவி பியூலா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. விஷயத்தைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இடது பக்கம் சாய்ஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"விழுவேன்."

"அப்புறம்?"

"எழுந்திருப்பேன். அஞ்சு புள்ளி ஏறும்."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

எந்த வண்டி வாங்குவது என்பதில் ஆறேழு மாதம் போயிற்று. எடை குறைவு என்பதால் ஜாவாவைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அதற்குக் கியரும் இடது பக்கம், உதைத்துக் கிளப்புவதும் இடது பக்கம். அவருக்கு ஆகாது. புல்லட்டுக்கு அந்த இரண்டும் வலது பக்கம். கனமான வண்டிதான், ஆனால் மெதுவாகப் போகும்போது இழுப்பு குறையாது; ஆக்ஸிலேட்டரைத் திருகாமலே மேடு ஏறும். அதில் இருந்த ஒரே சிக்கல், பின் பிரேக் இடது காலில். ராணுவத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய புல்லட் ஒன்று ஆவடிப் பக்கம் கிடைத்தது. அதை லாரியில் ஏற்றிப் பம்மலில் இருந்த சேட்டுவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

சேட்டு வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் நல்லாத்தான் கீது. இன்னா பண்ணணும் சொல்லு சார்" என்றான்.

வேதசிரோமணி வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். இடது மிதியை வலது மிதியைவிட இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். பின் பிரேக்கைக் கம்பியிலிருந்து கேபிளுக்கு மாற்றி, கிளட்சுக்குக் கீழே இன்னொரு லீவராகக் கைப்பிடியில் வைக்க வேண்டும். வண்டி இன்னும் மெதுவாக ஊர, பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட வேண்டும்.

"இன்னா சார் இது? ஒரு மிதி மேல, ஒரு மிதி கீழ. பாக்கறவன் நான் தப்பா பண்ட்டேன்னு நெனச்சுக்குவான்."

"என்னைப் பார்த்தா புரிஞ்சிக்குவான்."

சேட்டு அவருடைய காலைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். அவன் முதலில் செய்த பிரேக் லீவர் இரண்டாம் நாளே ஒடிந்தது. அடுத்தது ஒடியவில்லை, ஆனால் அதைப் பிடித்தால் கிளட்சும் சேர்ந்து வந்தது. நாலாவது லீவர்தான் நிலைத்தது.

சேலையூர் ஏரி வற்றியிருந்த மாதங்களில் சனிக்கிழமை மாலைகளில் அங்கேதான் பழகினார். முதலில் தரையில் எட்டுப் போட்டார். பிறகு கரை ஏறி இறங்கினார். பிறகு பச்சைமலைச் சரிவுக்குப் போனார். டயரில் காற்றை நன்றாகக் குறைத்துவிட்டால் அது பாறையைக் கவ்விப் பிடிக்கும் என்பதையும், முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் அது அடுத்துப் போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டார். வலது பக்கம் சாய்ந்தால் காலை ஊன்றித் தப்பித்துக்கொள்வார். இடது பக்கம் சாய்ந்தால் வண்டியை விட்டுவிட்டு உருள்வதுதான் வழி. அதனால் சாயவே விடாமல் இருக்கப் பழகினார். மற்றவர்கள் சறுக்கும்போது சட்டென்று காலை நீட்டுவார்கள். அவர் கிளட்சைப் பாதி பிடித்து, இடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். பெரும்பாலும் வண்டி தானே நிமிர்ந்துவிடும்.

ஓட்டிவிட்டு வந்ததும் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். சக்கரக் கவசத்துக்குள் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டுவார். தண்ணீரில் இறங்கிய நாளில், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட்டைத் திறந்து துணியால் ஒற்றுவார். கேபிள்களில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். ஒரு நாள் பியூலா அவருடைய முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, "எல்லாக் காயமும் இடது பக்கமே இருக்கு. இன்னொரு பக்கமும் விழுந்து பழகுங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

முதல் இரண்டு போட்டிகளில் அவர் கடைசி ஆட்களோடு இருந்தார். 1969 பொங்கல் விடுமுறையில் நடந்த போட்டிக்கு பியூலாவும் முதல்முறையாக வந்தாள். புளிசாதம் கட்டி, கூடவே பஞ்சும் டிங்சரும் எடுத்துவந்திருந்தாள்.

மழை அந்த வருஷம் தாமதமாகப் பெய்திருந்தது. குவாரிக்குக் கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தை தயாளன் அந்த ஓடைக்குள்ளேயே போட்டிருந்தார். பாசி பிடித்த உருண்டைக் கற்கள். இரண்டு பக்கமும் பாறை. அந்தக் கட்டத்துக்கு நடுவர் ஜீவரத்தினம். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பூகோள ஆசிரியர், சாதுவான மனிதர்.

அதற்கு முந்தைய கட்டங்களை வேதசிரோமணி நன்றாகவே முடித்திருந்தார். பரிசுகள் மூன்று. முதல் இரண்டு இடங்கள் கிண்டியிலிருந்து வந்த இருவருக்கு என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. மூன்றாவதற்கு அவரும் குரோம்பேட்டை ஏகநாதனும் போட்டியில் இருந்தார்கள். ஏகநாதனுக்குத் தோல் மண்டி வைத்திருந்த குடும்பம். ஜாவா வைத்திருந்தான். அவன் ஓடையில் ஒரு முறை கால் ஊன்றி வெளியே வந்தான்.

வேதசிரோமணி இறங்கினார். பாதி ஓடைவரை வண்டி ஒரே சீராகப் போயிற்று. பிறகு முன்சக்கரம் ஒரு உருண்டைக் கல்லின்மேல் ஏறி வழுக்கியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. இடுப்பைத் தள்ளினார், நிமிரவில்லை. வண்டியை விடும் நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கைகள் விடவில்லை. இடது கால் மிதியிலிருந்து தானாக இறங்கியது. அந்தப் பக்கம் தண்ணீருக்கு வெளியே ஒரு பாறை உயர்ந்து நின்றது. பாதம் அதில் பட்டது. கால் வளையவில்லை. அத்தனை எடையும் ஒரு கணம் அதன்மேல் இறங்கியது, அது தாங்கியது. வண்டி நிமிர்ந்தது. அவர் காலை எடுத்து மிதியில் வைத்து, மீதி ஓடையைக் கடந்து கரையேறினார்.

கரையில் வண்டியை நிறுத்தினார். பியூலா ஓடிவந்து, "அடிபட்டுதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தயாளன் முடிவுகளைப் படித்தார். மூன்றாவது வேதசிரோமணி என்றார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஏகநாதன் நாலாவது. கை தட்டினார்கள். பியூலாவும் தட்டினாள். வேதசிரோமணி எழுந்து மேசைப் பக்கம் போனார்.

"ஓடையில எனக்கு எவ்வளவு போட்டிருக்கு சார்?"

"சுத்தமா வந்திருக்கீங்க. ஒண்ணும் இல்லை."

அவர் திரும்பி ஜீவரத்தினத்தைப் பார்த்தார். "சார், நான் கால் ஊனினேன்."

ஜீவரத்தினம் எழுந்து அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தெரியும் சார். பார்த்தேன். அது இடது கால்தானே? அதைப் போய் எப்படிக் கணக்குல சேர்க்கறது? சும்மா பட்டிருக்கும்னு விட்டுட்டேன்."

"சும்மா படலை. ஊனினேன். அது தாங்கிச்சு."

"இருக்கட்டுமே. உங்க நிலைமைக்கு இது பெரிய விஷயம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அதுவும் கால்தான் சார்" என்றார் வேதசிரோமணி. குரல் சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு புள்ளி போடுங்க."

ஜீவரத்தினத்தின் முகம் சிவந்தது. தயாளன் பென்சிலை எடுத்து ஒரு புள்ளி கூட்டினார். இப்போது வேதசிரோமணியும் ஏகநாதனும் சமம். சமமானால், அதிகக் கட்டங்களைக் கால் ஊன்றாமல் முடித்தவருக்குத்தான் இடம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் ஏகநாதன்.

"எனக்கு வேணாம் சார். அவரே வச்சிக்கட்டும்" என்றான் ஏகநாதன்.

"வேணும் வேணாம்னு சொல்ல இது கல்யாண வீட்டுப் பந்தியா? வந்து வாங்கிக்க" என்றார் தயாளன்.

அவன் வாங்கிக்கொண்டான். வேதசிரோமணி போய்க் கை கொடுத்தார். அவன் கை கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

கூட்டம் கலைந்தது. பியூலா கூடையைக் கட்டினாள். அவளுக்குக் கோபம் என்பது முடிச்சை இழுத்த விதத்தில் தெரிந்தது.

"அவர் நல்ல மனசோடதான் விட்டாரு. அவரை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்திட்டீங்க."

"ஆமா. நாளைக்குப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும்."

"அப்ப எதுக்குப் பண்ணினீங்க?"

"எனக்கு நினைவு தெரிஞ்சதுல இருந்து அந்தக் கால் எட்டி ஊனி எதையும் தாங்கினதில்லை. இன்னைக்குத் தாங்கிச்சு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு அவர் எழுதிட்டார்."

பியூலா கூடையைக் கீழே வைத்தாள். "எந்த இடம்?"

இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள். அவர் பாறையைக் காட்டினார். அதன்மேல் பாசி ஒரு விரல் அகலத்துக்கு வழிக்கப்பட்டு, கல் வெளுப்பாகத் தெரிந்தது. பியூலா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லா வழுக்குதே" என்றாள். பிறகு புடவையைப் பிழிந்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

மறுநாள் அவர் ஜீவரத்தினத்தின் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஜீவரத்தினம் டீ வரவழைத்துக் கொடுத்தார். போட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. மழையைப் பற்றியும் மாணவர்களைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது ஜீவரத்தினம், "இனிமே எல்லாக் காலையும் எண்ணறேன் சார்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

வேதசிரோமணி அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து வருஷம் ஓட்டினார். ஆனால் மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில்கூட அவர் மறுபடி வரவில்லை. கால் தாங்கும் என்று தெரிந்த பிறகு, சறுக்கும்போது காத்திருக்க அவரால் முடியவில்லை. இடது கால் தானாக இறங்கிவிடும். சில சமயம் தாங்கும். சில சமயம் தாங்காது. புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின.

"சார், அந்தக் காலைக் கொஞ்சம் மறந்துடுங்க. முன்ன எவ்வளவு நல்லா ஓட்டினீங்க" என்று தயாளன் ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் மறந்துதானே இருந்தேன்" என்றார் வேதசிரோமணி. அன்றைக்கு அவர் பதினோராவது. வண்டியை உதைத்துக் கிளப்பி, பியூலா பின்னால் ஏறிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, தாம்பரம் சாலையில் திரும்பினார்.