ருஹோகோவின் நிதானம்

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை மறைக்கப்போவதில்லை. கால்நடை ஆராய்ச்சி நிலையம் எங்கள் பொலிகாளை ருஹோகோவைப் பற்றி அறிக்கை ஒன்று எழுதியிருக்கிறது. அது வெளியாகும் முன் என் கதை வெளியாக வேண்டும்.

முதல் தொடக்கம்: "அங்கோலேச் சீமையில் கர்யேஜா என்னும் பெருமகன் வாழ்ந்தார். அவருடைய காளையின் கொம்புகள் வானத்தை"

கர்யேஜா நான்தான். தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி கெமிரெம்பே சொன்னாள்: "பெருமகன்னு நீங்களே எழுதிக்கிட்டா எப்படிங்க? அத நான்ல சொல்லணும். நான் இன்னும் சொல்லலையே."

2

ஆராய்ச்சியாளர் கியோமுகாஷோ மரியாதை தெரிந்த பெண். மாடுகளை எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும் என்றேன். எண்ணவில்லை, ஒவ்வொரு கழுத்திலும் பட்டை கட்டி, பட்டைகளை எண்ணிக்கொண்டாள். எந்த மாடு எங்கே நின்றது, எதை உரசியது என்றெல்லாம் அந்தப் பட்டை எழுதிவைக்குமாம்.

நான்கு மாதம் கழித்து வந்து, என் எதிரில் உட்காராமல் நின்றாள்.

"ஐயா, ருஹோகோ பசுகிட்ட போறான், மோந்து பாக்குறான், அப்புறம் நிழலுக்குப் போயி அசைபோடுறான். அவ்வளவுதான் ஐயா. விந்துலயும் உயிர் இல்ல."

(அறிக்கையில் 'ஆர்வக்குறைவு' என்று இருக்கிறது. 'நிதானம்' என்று திருத்தச் சொன்னேன். அறிவியலில் அந்தச் சொல் இல்லையாம். அறிவியலுக்கு இன்னும் வயது வரவில்லை.)

அப்படியானால் ஒன்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த கன்றுகள் யாருடையவை? இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். பக்கத்துப் பட்டிக்காரன் திபேசிக்வாவின் காளை, அந்த ஒற்றைக் கொம்பனுடையவை.

3

இந்த இடத்தில் திபேசிக்வாவைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். "வஞ்சகனான அவன், வேண்டுமென்றே வேலியை" — முடியவில்லை. அவன் வஞ்சகன் அல்ல, பாவம். அவனுடைய காளைக்குக் கொம்பு முறிந்ததே என் வேலியைத் தாண்டியபோதுதான். அன்று வழக்கப்படி பெரியவர்களைக் கூட்டினேன். அவன் பால் குடத்தோடு வந்து, வேலியைக் கெடுத்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் பெரிய மனதோடு மன்னித்தேன்.

(முறிந்த கொம்பு கன்றுக்கு இறங்காது. அதனால் என் தொழுவத்தில் பிறந்ததெல்லாம் நெடுங்கொம்போடு பிறந்தது. 'பாருங்கள் ருஹோகோவின் வம்சத்தை' என்று காட்டாத விருந்தாளி இல்லை. ருஹோகோவை இரவல் கேட்டு வந்தவர்கள் கொடுத்த நெய்யையும் தின்றோம்.)

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் சிரிக்க, திபேசிக்வாவிடம் நான் சொன்னதையும் எழுதியாக வேண்டும்.

"அந்த ஒத்தக் கொம்பன எதுக்குய்யா கட்டித் தீனி போடுற? கறிக்குக் கொடுத்துரு. தொழுவத்துக்காவது மானம் மிஞ்சும்."

அவன் தலை குனிந்தான். இன்று வியாழக்கிழமை. ஒற்றைக் கொம்பனை ஏற்றிப்போகக் கறிக்கடை லாரி வருகிறது.

4

முடிவு ஒன்று: கர்யேஜா வாய் திறக்கவில்லை. லாரி போகிறது. அறிக்கையை ஊரில் யாரும் படிக்கவில்லை. குடும்பத்தின் பெயர் நிற்கிறது. அடுத்த வருடம் பள்ளத்தாக்கில் ஒரு பசுவும் சினையாகவில்லை. எல்லோரும் மழையைத் திட்டுகிறார்கள்.

முடிவு இரண்டு: யாருக்கும் காரணம் சொல்லாமல் காளையை அவரே விலைக்கு வாங்கிவிடுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. கெமிரெம்பே காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள்.

"பக்கத்துப் பட்டிக்காரன் பொலிகாளைய இங்க யாருங்க விலைக்கு வாங்கியிருக்கா? மண்டி போட்டுக் கேக்கணும். எதுக்குக் கேக்குறேன்னும் சொல்லணும். ஊருக்கு வழக்கம் சொல்ற ஆளு நீங்க."

எனக்கு முழங்கால் வலி என்றேன்.

"ஒம்பது வருஷமா ஒங்க காளையும் இதத்தான் சொல்லிருக்கும்" என்றாள்.

முடிவு மூன்று: கர்யேஜா எழுந்து போய், திபேசிக்வாவின் முன்னால், லாரிக்காரன் பார்க்க,

இல்லை. என் அப்பா யார் முன்னும் மண்டியிட்டவர் அல்லர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். இந்த முடிவை எழுத என் கை வரவில்லை. வாசகரே, நீங்கள் எழுதுங்கள். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

லாரி வந்துவிட்டது. பின்கதவை இறக்குகிறார்கள். ஒற்றைக் கொம்பன் ஏற மறுத்துக் கத்துகிறது. என் பசுக்கள் எல்லாம் வேலியோரம் போய் நிற்கின்றன. இந்தப் பத்தியை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று இருந்தேன், ஆனால்