வெட்டாமல் விட்ட தும்மல்

மார்ச் 6, வியாழன்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அண்ணியின் குரல்பதிவில் ஒரு தும்மலை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். 'விட்டுவிட்டேன்' என்றால் கவனக்குறைவு போலத் தெரிகிறது. அப்படியில்லை. கணினித் திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் தும்மல் மலை மாதிரி எழுந்து நிற்கும். மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

நாட்குறிப்பில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறார், நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பின் ஆசிரியை. எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் வாரம் ஒருமுறை உள்ளூர்ச் செய்தித்தாளை உரக்கப் படித்துப் பதிவு செய்கிறோம். கண் தெரியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் வீட்டில் போட்டுக் கேட்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. மருந்துக்கடை அக்கா பொறுப்பாளர். பகலில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் நான் பதிவைச் சீராக்குகிறவள். இருமல், தாள் சரசரப்பு, தெருவில் போகும் லாரி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, பென்டிரைவ்களில் ஏற்றி உறையில் போட்டு அனுப்புவேன். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகள் தொங்கும். பதிவு முடியும்வரை சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி அக்காவின் கைப்பையில் இருக்கும்.

இதுவரை செய்தித்தாளைப் படித்துவந்த பள்ளிக்கூட டீச்சர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்து படித்த நாற்காலி இனி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

போன வாரம் எனக்குக் குடை கொடுக்க நூலகத்துக்கு வந்தார் அண்ணி. அவர் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சும்மா ஒரு பத்தி படிங்களேன்," என்றார் அக்கா. குடிநீர் நிறுத்தம் பற்றிய அறிவிப்பு. அண்ணி படித்தபோது தண்ணீர் வராமல் போவதே ஏதோ நல்ல சேதி மாதிரி இருந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அடுத்த வாரம் ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி படிங்க. யாரு வேணும்னு கேக்கறவங்களே சொல்லட்டும்."

இன்று படித்தோம். நகராட்சிக் கூட்டச் செய்தியின் நடுவில் அண்ணி தும்மினார். "அய்யோ, மன்னிச்சுக்குங்க. இந்தப் போர்வைல எந்தக் காலத்துத் தூசியோ!" என்று சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கிளம்பும்போது என்னிடம், "அந்தத் தும்மல எடுத்துருவ இல்ல?" என்றார்.

"ம்."

என் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தேன். மூச்சு இழுக்கும் சத்தங்களை ஒன்றுவிடாமல் எடுத்தேன். துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

நாளை: உறைகளைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

உறைகள் போய்விட்டன.

சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான். "என் பொண்டாட்டி குரலுக்கு ஊரே மயங்கப் போகுது பாரு."

"உங்க தங்கச்சியும்தான் படிச்சிருக்கா," என்றார் அண்ணி.

"இவளா? இவ கடை பில்லைப் படிச்சாலே எனக்குத் தூக்கம் வந்துரும்."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணி தண்ணீர் கேட்டார், அண்ணனும் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் கேட்டால், "கைக்கு எட்டற தூரத்துலதான இருக்கு," என்பார்கள்.

பிறகு அண்ணியின் பதிவை மறுபடி போட்டேன். குறை கண்டுபிடிப்பதுதான் நோக்கம். இரண்டு இடங்களில் அவசரம், ஓரிடத்தில் உளறல். குறித்துக்கொண்டேன். ஆனால் குறித்து முடித்த பிறகும் நிறுத்தாமல் கடைசிவரை கேட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாளை: கடையில் இருப்பு எடுக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

மாலையில் மருந்துக்கடையில் ஆள் குறைந்ததும் அக்கா ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில். முதலில் கண்டக்டர் அம்மா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், சர்க்கரை நோயில் பார்வை போய்த் தனியாக இருக்கிறார்.

"ரெண்டாவதா படிச்சது யாரு?" என்றார்.

"நம்ம எடிட்டிங் பொண்ணுதான்," என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

"உச்சரிப்பெல்லாம் சுத்தம். ஆனா ஸ்டாப்பே இல்லாத வண்டி மாதிரில்ல போறா! நான் எங்க இறங்கறது? ஒரு எடத்துலகூட மூச்சு விடலம்மா. அவளுக்கும் சேத்து நான்தான் விட்டுக்கிட்டிருந்தேன்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். "மொதல்ல படிச்சவங்க?"

"தும்மினாளே, அவளா? 'பரவால்லடி, மெதுவாப் படி'ன்னு இங்கருந்து நான் பதிலே சொல்லிட்டேன். பக்கத்துல ஒருத்தி வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அந்தத் தும்மல வெட்டாம விட்டவ யாரு? புத்திசாலி."

"கேட்டியா, உனக்கும் பாராட்டு," என்றார் அக்கா. அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். நாற்காலி அண்ணிக்குப் போனது.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா அதற்குள் அவருக்குப் போன் செய்து எல்லாம் சொல்லியிருந்தார்.

"தும்மல எடுக்கச் சொல்லிட்டுத்தான போனேன்? மறந்துட்டியா?"

'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல அண்ணி. வேணும்னேதான் விட்டேன்."

"நான் அசிங்கப்படணும்னா?"

"ஆமா."

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

"அந்த எடம் எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

அண்ணி யோசித்தார். "மாட்டேன்."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "வெளிய போனா உங்கண்ணன் பொண்டாட்டி. உள்ள வந்தா உங்கம்மா மருமக. அந்த ரூம்ல மட்டும்தான் நான் வாயத் தொறந்தா எனக்காகக் கேக்கறாங்க. அத எதுக்கு உனக்குத் தூக்கிக் குடுக்கணும்?"

அண்ணி பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"இனிமே என்னைக் கேக்காம வெட்டவும் கூடாது, விடவும் கூடாது."

"சரி அண்ணி."

"கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியுது."

"தெரியுதுல்ல? இந்தப் போர்வை முனையப் பிடி."

பிடித்தேன். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய். அண்ணன் வந்து, "சொன்னேன்ல!" என்றபோது திரும்பவும் பற்றிக்கொண்டது. அறைக்குள் போய், என் பாதியின் வெட்டாத பதிவைப் போட்டுக் கேட்டேன். மூச்சு வாங்குவது மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி கேட்கிறது. கூச்சமாக இருந்தது. ஆனால் கண்டக்டர் அம்மா இறங்குவதற்கு அங்கங்கே இடம் இருந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டும் தைரியம் இன்னும் வரவில்லை.

நாளை: மாலை ஆறு மணிக்கு அண்ணியின் பதிவு. முடிந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் கேட்டு வெட்ட வேண்டும்.