கழுதை அட்டையின் இரண்டாம் பக்கம்

ஜெரினாவிடம் பதினோரு இசைத்தட்டுகள் இருந்தன. அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். ஆனாலும் படத்தை வைத்துத்தான் கூப்பிடுவாள். மூன்று தாடிக்காரர்கள், காலி நாற்காலி, பெட்ரோல் பங்க், கழுதை. மற்ற ஏழும் அவளுக்கு இரண்டாம் பட்சம்தான்.

தாடிக்காரர்களைக் காலையில்தான் போடுவாள். அது ராக். கிடார் மட்டும் இரண்டு சுற்று சுற்றி நம்மை ஏமாற்றும். இனிமேல் ஒன்றும் வராது போலிருக்கிறது என்று நினைக்கும்போது மேளம் விழும். பீங்கான் பட்டறைகளில் மண்ணரைக்கும் உருளை ஓடத் தொடங்கும்போது தரை அதிருமே, அந்த அதிர்வு. பட்டறைப் பக்கமே வராதவர்கள், ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ரயில் தெரிவதற்கு முன்னால் உள்ளங்கால் கூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அது போதும்.

காலி நாற்காலியில் பாடுகிறவள் ஒரு பெண். தொண்டை கட்டினாற்போல் ஒரு குரல். முதல் பாட்டை நன்றாகப் பாடவேண்டுமே என்று பாடுவாள், போகப்போக அந்தக் கவலையை விட்டுவிடுவாள். முதல் பாட்டை வைத்து ஒரு தட்டை எடை போடக்கூடாது என்பது ஜெரினாவின் கட்சி. முதல் பாட்டு, விருந்தாளிக்கு விரிக்கிற புதுப்பாய். இரண்டாம் பக்கத்து நடுவில், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று பாடுவார்களே, அங்கேதான் அவர்கள் அழுக்குத் துணியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கழுதை அட்டையின் இரண்டாம் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டு இருந்தது. கிடார் ஒற்றை மாட்டு வண்டி போல மெதுவாக நடக்கும். பின்னால் ஏதோ ஒன்று கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போகும். நடுவில் ஒரு ஆள் பாடுவான். அவன் குரல் ஓரிடத்தில் நிற்காது. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், வெள்ளாற்றில் தண்ணீர் வந்த நாளில் பரிசலில் உட்கார்ந்து பாடுகிறவன் குரல்போல. தட்டும் அதோடு சேர்ந்து ஊசியைத் தூக்கித் தாழ்த்திச் சுற்றும். அந்த ஆளுக்கென்றே தட்டை அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஜெரினா நம்பியிருந்தாள். அக்கரையில் நிற்கிற ஒருத்தியை அவன் கூப்பிடுகிறான் என்றும் அவளே முடிவு செய்துகொண்டாள். அந்தப் பாட்டு ஓடும்போது சுவரெல்லாம் லேசாக மிதக்கும். அவளும் மிதப்பாள்.

தட்டுகள் வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மழையில். அவள் கணவர் பரக்கத்துல்லா சவூதியில், தம்மாமில் ஓர் அமெரிக்க எஞ்சினியருக்கு வண்டி ஓட்டினார். அந்த எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது பாட்டுப் பெட்டியையும் தட்டுகளையும் டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதைக் கார்கோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொரு முதலாளியிடம் சேர்ந்துகொண்டார். “பத்தரமா வையி” என்றார் போனில். வைத்தாள். ஆனால் தினமும் கேட்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சிரிப்பாரோ என்று கூச்சம்.

அவர்கள் போனில் பேசியதே இவ்வளவுதான். “சாப்டியா?” “சாப்டேன். நீங்க?” “ஆச்சு. மழையா?” “தூறலு.” இருபத்து மூன்று வருஷம் இப்படி. மகள் சுஹைனா பிறந்ததும், பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டதும் இந்தத் தூறலுக்கு நடுவில்தான். இப்போது அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறார். இனி போனை வைக்க முடியாது. ஒரே கூடத்தில் நாள் முழுக்க என்னத்தைப் பேசுவது? ஜெரினாவுக்கு அந்தப் பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தாள். அவரிடம் கொடுக்க அவளிடம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

அவர் வியாழக்கிழமை வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. “தண்ணி எங்க இருக்குது?” என்று கேட்டார். “இந்த டவல எடுத்துக்கலாமா?” என்று கேட்டார்.

“உங்க வூடுங்க இது.”

“இல்ல, கேட்டேன்.”

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. அவள் வேலை பார்க்கும் பட்டறையில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்கும் வேலை. ஜெரினா ஊறுகாய் ஜாடிகளைச் சக்கரத்தில் சுழலவிட்டு நீலக்கோடு போடுவாள். கொளஞ்சியம்மாள் இன்னும் சுடாத பச்சை ஜாடிகளைச் சூளை ஓரத்துப் பலகையில் காயவைப்பாள்.

“என்னாடி, வூட்டுக்காரரு வந்து மூணு நாளாவுது, ஒரு சத்தத்தக் காணோம்? பாட்டயும் நிறுத்திட்ட.”

“அவருக்குப் புடிக்குமோ என்னமோக்கா.”

“புடிக்கலன்னா காத பொத்திக்கட்டும். உன் கழுத கத்தாம எனக்கே தூக்கம் வரல.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஜெரினா பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். பாயில் சாய்ந்திருந்த பரக்கத்துல்லா தலையைத் தூக்கினார். மாட்டு வண்டி நடை தொடங்கியதும் அவர் முகம் விரிந்தது.

“அட! சாரு வண்டில தெனம் இதான். ரியாத் ரோட்டுல நானூறு கிலோமீட்டரும் இவன்தான்.”

பிறகு ஆள் பாட வந்தான். அவர் புருவம் சுருங்கியது. எழுந்து வந்து குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடித் தட்டின் விளிம்பைப் பார்த்தார்.

“தட்டு கோணியிருக்குது ஜெரினா. எங்கயோ சூடு பட்டிருக்கு.”

“இல்லீங்க, அப்புடித்தான் செஞ்சிருக்காங்க.”

“தட்ட எவனாவது கோணலா செய்வானா?” அவர் சிரித்தார். அவளுக்குப் பிடித்த பாட்டு அது என்று அவருக்குத் தெரியாது.

முறுக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்ற கொளஞ்சியம்மாளுக்கு இது காதில் விழுந்தது. “அந்த மழைல வந்த பொட்டியாண்ணே? அடியில ஒண்ணு தண்ணியில ஊறிக் கெடந்துது. நான்தான் கழுவி சூள ஓரமா பலகைல வெச்சேன். பச்ச ஜாடி காயற எடந்தான. நல்லா காஞ்சுதே!”

“ஜாடி காயும் தங்கச்சி. இது உருகிக் கோணிடும்.”

“எனக்கு என்னா தெரியும். நம்ம ஊருல எல்லாத்தயும் அங்கதான் காயவெப்போம்.” முறுக்கை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

ஜெரினா குனிந்து தட்டின் விளிம்பைப் பார்த்தாள். பத்தடி தூரத்திலிருந்தே கோணல் ஜாடியைக் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள் அவள். ஒன்பது வருஷமாக ஒரு கோணலை மடியில் வைத்துத் தாலாட்டியிருக்கிறாள். அவரிடம் கொடுக்க வைத்திருந்ததும் அதுதானே என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

அவர் பதறிப்போனார். “அழுவாத. நல்லது இருக்குது, இரு.” போனில் தேடி அதே பாட்டைப் போட்டார். அதே வண்டி, அதே ஆள். குரல் ரோடு மாதிரி நேராகப் போயிற்று. முடிகிறவரை கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இவன் வேற யாரோ.”

“ஒரே ஆளுதாம்மா.”

“அவன் கூப்புடறான். இவன் சொல்றான்.”

“யாரக் கூப்புடறான்?”

சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் அக்கரையில் நிற்கிறவளைப் பற்றிச் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கரையும் இல்ல, ஆறும் இல்ல. வண்டி ரிப்பேருன்னு பாடறான்! சாரு எனக்கு அர்த்தம் சொல்லியிருக்காரு. ரேடியேட்டரு ஒழுவுது, ஒரு பக்கத்து கதவு தொறக்கல, டயரு போச்சு. இன்னிக்கு வரமுடியாது, நாளைக்கும் வரமுடியாதுன்னு சொல்றான்.”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரேடியேட்டருக்கா இத்தனை நாள் உருகினோம்! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “யாருகிட்ட சொல்றான்?”

பரக்கத்துல்லா பதில் சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு மெல்ல நின்றது. நானூறு கிலோமீட்டரும் கேட்டிருக்கிறார், இதை யோசித்ததில்லை.

“வூட்டுல இருக்கறவகிட்ட” என்றார்.

தெருவில் ஒரு டிராக்டர் போயிற்று.

“நீங்களும் சொல்லியிருக்கீங்க” என்றாள் ஜெரினா. அவள் குரலில் கோபம் இல்லை. “லீவு இல்ல, மொதலாளி மாறிட்டாரு, பாஸ்போட்டு அவருகிட்ட இருக்குது.”

“சொன்னேன்.”

“நேராத்தான் சொன்னீங்க. நானும் சரிங்கன்னு நேராத்தான் சொன்னேன்.”

“போன வெச்சிட்டு வண்டிலயே உக்காந்திருப்பேன்” என்றார் அவர். “அப்ப பேசியிருந்தா என் கொரலு இந்தத் தட்டு மாதிரிதான் வந்திருக்கும்.” அவளைப் பார்க்காமல் போனை அணைத்தார். “உன்னுத போடு. மொதல்லேருந்து கேக்கலாம்.”

போட்டாள். குரல் ஏறியது, இறங்கியது. சுவர் மிதந்தது. இந்த முறை அதில் இரண்டு பேர் இருந்தார்கள், அவனும் இவரும். ஒரு பாலைவன ரோட்டு ஓரத்தில் வண்டி நின்றிருப்பதும், கண்ணாடியில் மணல் வந்து அடிப்பதும் ஜெரினாவுக்குத் தெரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, நமக்கு எதற்கு.

பாட்டு முடிந்ததும் அவர் அடுக்கில் கையை விட்டுப் பெட்ரோல் பங்க் அட்டையை உருவினார். “இதான் சாரு வெச்சிருந்ததுலயே ஒசத்தி. கன்ட்ரிங்கற அவங்க கிராமத்துப் பாட்டுல பொறந்து ராக்கு வூட்டுல வளந்த புள்ள.”

“மேளக்காரன் அவசரப்படறான்.”

“யாரு? இவனா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாலாவது பாட்டக் கேட்டியா நீ?”

“நாலாவதுலதான் ரொம்ப அவசரம்.”

“உனக்கு அந்தக் கழுதயோட நடந்து நடந்து எல்லாமே அவசரமாத் தெரியுது.”

“காலி நாற்காலி கேட்டிருக்கீங்களா? கேட்டுட்டுப் பேசுங்க.”

“அது யாரு காலி நாற்காலி?”

அசர் பாங்கு கேட்டதும் ஊசியை எடுத்து வைத்தார்கள். தொழுது முடித்து அவர் மறுபடி அங்கேதான் வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து கொளஞ்சியம்மாள் சுவருக்கு மேலாகக் கத்தினாள்: “வந்து நாலு நாளு ஆவல, அதுக்குள்ள சண்டையா? என்னா ஜெரினா?”

“ஒண்ணுமில்லக்கா!” என்றாள் ஜெரினா. “இவருக்கு மேளமே புரியல!”