அறுபது ஹெர்ட்ஸ் பள்ளம்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு வீட்டின் முன்னறையில், ஒலியின் வரலாறு இரண்டாகப் பிரிய இருந்தது. அழைக்கப்பட்டவர்கள் இருவர்: மனைவி, மனைவியின் தம்பி. இருவருமே ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தார்கள்.

அழைத்தவர் நில சர்வேயர். நான்கு மாதமாகப் பிளைவுட்டை அறுத்து, ஒட்டி, தேய்த்து இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்திருந்தார். அந்த மரத்தூளுக்கு வழிவிட்டு மனைவியின் தையல் மெஷின் படுக்கையறை மூலைக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. ஒப்பந்தம் எளிது. ஞாயிறன்று ஸ்பீக்கரில் கேட்கும் பாட்டு, தன் செல்போனில் கேட்பதைவிட நன்றாக இருக்கிறதென்று அவள் சொன்னால் முன்னறை நிரந்தரமாக அவருக்கு. இல்லையென்றால் மெஷினுக்கு.

சனிக்கிழமை அளந்தார். சோபாவில் தலை வரும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தினார். ஸ்பீக்கர் அடிவயிற்றிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் ஊளையிட, மைக்கில் விழுந்ததைக் கணினி கோடாக வரைந்தது. அறை எந்தச் சத்தத்தை ஊதிவிடுகிறதோ அதைக் குறைத்து, எதை விழுங்குகிறதோ அதைக் கூட்டி அனுப்புவது கணினியின் பொறுப்பு. கோட்டின் மேடுகளெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. அறுபது ஹெர்ட்ஸில், பேஸ் என்கிற அடித்தொனி வரும் இடத்தில் மட்டும், லாரி கவிழ்கிற அளவுக்கு ஒரு பள்ளம்.

கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுகிற மச்சான் எட்டிப் பார்த்தான்.

“மாமா, அது சுவத்துல முட்டித் திரும்பி வர்ற சத்தம், நேரா வர்ற சத்தத்தைத் தின்னுது. நீங்க எவ்வளவு ஊத்தினாலும் அதுவும் அவ்வளவு திங்கும். சோபாவைக் கொஞ்சம் இழுத்துப் போடுங்க, போதும்.”

“பள்ளம்னா என்ன பண்ணணும்? நிரப்பணும்.”

“மண்ணுக்குச் சரி மாமா.”

“இருபத்தஞ்சு வருஷம் நான் என்ன புல்லா பிடுங்கினேன்? நீ ஒயரைச் சுத்து, போ.”

“சுத்துறேன். எதுக்கும் ஜன்னலைத் திறந்து வைங்க.”

சர்வேயர் பள்ளத்தை நிரப்பினார். அந்த இடத்துக்கு மட்டும் பதினாறு மடங்கு சக்தி. கணினி உடனே பளபளவென்று நேர்கோடு ஒன்றைக் காட்டியது. அது, எப்படி இருக்கலாம் என்று கணினி போட்ட மனக்கணக்கு. மறுபடி மைக் வைத்து அளக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். கோட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

ஞாயிறு. மனைவி சோபாவில் அமர்ந்தாள். சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

“இப்ப நீ கேக்கப்போறது சத்தமில்ல. உண்மை.”

“பாட்டுப் போடுங்க, துணி ஊற வச்சிருக்கேன்.”

குரல் வந்தது. அசல் குரல், இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, எதிரில் ஆள் நிற்பதுபோல. அவள் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். “நல்லாத்தாங்க இருக்கு,” என்றாள், கொஞ்சம் வருத்தத்தோடு. சர்வேயர் மச்சானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“பேஸ் வரட்டும் மாமா,” என்றான் அவன்.

பேஸ் வந்தது. இடது பெட்டியின் கூம்பு வெளியே பாய்ந்து, படபடவென்று அடித்து, நின்றது. வலதும் அதே வழியில் போனது. துணி விலக்கப்பட்டிருந்த வலை வழியே மெல்லிய புகை எழுந்தது.

“கோடு சரியாத்தான் இருக்கு,” என்றார் சர்வேயர், சுவரைக் காட்டி, கொஞ்சமும் தளராமல்.

திங்கட்கிழமை முன்னறையில் நான்கு சட்டைகளும் இரண்டு தலையணை உறைகளும் தைக்கப்பட்டன.