இடுப்பளவுப் பந்து

சனிக்கிழமைப் பயிற்சியில் தபால்காரர் எறிந்த மூன்று பந்துகளையும் அவள் கோட்டைவிட்டாள். மூன்றும் நல்ல எறிகள். முகத்துக்கு நேராக, சற்றே மேலே, யாரும் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடிய உயரத்தில் வந்தவை. அவளுடைய இடது கை கையுறையோடு தோள்வரை போயிற்று. அதற்கு மேல் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"என்ன மாத்திரை, வெயில் கண்ணுல அடிக்குதா?" என்றார் பல் டாக்டர். குழுவின் கேப்டன் அவர்தான்.

வெயில் அவள் முதுகுப் பக்கம் இருந்தது. "ஆமா டாக்டர்" என்றாள்.

மருந்துக்கடை வைத்திருப்பதால் அவள் மாத்திரை. ஞாயிறுதோறும் சாஃப்ட்பால் ஆடும் அந்தக் கூட்டத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பந்தைத் துரத்துவதைவிட மூச்சைத் துரத்துவதே அதிகம். அவள் நிற்பது முதல் பேஸில். பந்தை அடித்தவர் ஓடி வந்து அந்தப் பேஸைத் தொடுவதற்குள், பந்து அவள் கைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அவர் அவுட்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ஒரு கணக்கு இடித்தது. தோள் இறுகிப்போய் ஒன்றரை வருஷமாகிறது. தலை பின்ன முடியாமல் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, கணவனிடம் "இப்ப இதுதான் ஸ்டைல்" என்று சொல்லியிருந்தாள். ஊருக்கெல்லாம் வலி மருந்து விற்பவள் தனக்கு வலி என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் போன பருவம் முழுக்க ஆடினாளே! முதல் ஆட்டத்தில் விட்ட ஒன்றைத் தவிர, மேலே வந்த பந்தைத் தவறவிட்டதாக ஒரு நாள்கூட நினைவில்லையே!

சாலையைக் கடக்க நின்றவள் பச்சை விளக்கு வந்தும் கடக்கவில்லை.

போன பருவத்தில் அவளுக்கு வந்த பந்துகளில் முக்கால்வாசி கரண்ட் எறிந்தவை. மைதானத்தின் எதிர்ப்பக்கம் நின்ற எலக்ட்ரீஷியன். அடிக்கிற பந்தெல்லாம் அவர் பக்கம்தான் போகும். அவர் பொறுக்கி அவளுக்கு வீசுவார். முதல் ஆட்டத்துக்குப் பிறகு அத்தனையும் இடுப்பளவில் வந்தன. ஒன்று விடாமல்.

இத்தனைக்கும் அந்தப் பருவம் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவள் ஒரு பந்தைத் தவறவிட்டபோது, "மருந்துக்கடை இன்னைக்கு லீவா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. "உங்க வாய்க்கு ஒரு ஃபியூஸ் போட்டுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதோடு சரி. அடுத்த வாரம் ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். அவள் தலை உயரத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு டப்பா எடுக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உதவிக்கிருந்த பெண்ணிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். 'திமிரைப் பாரு' என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

பருவம் முடிந்த மூன்றாம் வாரம் கரண்ட் போய்விட்டார். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அடுத்த மாதமே டிரைவரண்ணனும் போனார். பந்து வீசுபவர், நெடுநாள் சிறுநீரக நோயாளி. இரண்டு சாவுக்கும் அவள் போனாள். கரண்ட் வீட்டில் மட்டும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பயிற்சிக்கு மறுநாள் ஞாயிறு, புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் போனவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம் என்று பல் டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். டிரைவரண்ணன் வீட்டார் வெளியூர் போய்விட்டார்கள். கரண்டின் மனைவி வந்திருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆளுக்கு மூணு நிமிஷம். ரொம்ப வாயத் திறக்க வேணாம், அத நாளைக்கு என் கிளினிக்குல வந்து திறங்க" என்றார் டாக்டர்.

முதலில் தையல்காரர் எழுந்தார். "முதல் நாள் மட்டையப் பிடிக்கவே தெரியாம வந்தேன். டிரைவரண்ணன் பந்தக் கொண்டுவந்து என் மட்டையிலயே வச்சுட்டுப் போற மாதிரி வீசினாரு. அடிச்சுட்டேன். அன்னைக்கு எதிரணியில ஆடின எனக்கு ஏண்ணே இப்படி வீசினீங்கன்னு கேட்டா, 'ஏறுற ஆளு ஏறுறதுக்குள்ள வண்டிய எடுக்கலாமாடா'ங்கறாரு." கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கும்போது தையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவளுடைய முறை வந்தது. என்ன பேசுவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"கரண்டும் நானும் போன வருஷம் பூரா பேசிக்கல" என்று ஆரம்பித்தாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். "எனக்கு இடது தோள் போயிடுச்சு. கை இதுக்கு மேல தூக்க வராது. உங்க யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கடையில ஒரு தடவ பாத்தாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் போட்ட ஒவ்வொரு பந்தும் இடுப்புக்குத்தான் வந்துச்சு. நேத்து வரைக்கும் எனக்கு இது உறைக்கல. நல்லாப் பிடிக்கிறேன்னு நானே என்னை மெச்சிக்கிட்டிருந்தேன்." தையல்காரரைப் பார்த்துவிட்டு மறுபடி பேசினாள். "ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். இப்ப சொல்றேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தபால்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, நேத்தே சொல்லியிருக்கக்கூடாதா? நான் பாட்டுக்கு மேல மேல போட்டேனே!"

"இன்னைக்கு இடுப்புக்குப் போடுங்க தம்பி" என்றாள். ஒன்றரை வருஷமாக மறைத்தது இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

கலைந்து ஆட்டத்துக்குத் தயாரானபோது கரண்டின் மனைவி அவளிடம் வந்தார்.

"நீங்கதான் மாத்திரையா?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுப் பின்சுவத்துல சாக்பீஸால ஒரு வட்டம் போட்டிருந்தாருமா. இந்த உயரத்துல." தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "சாயங்காலம் வேலைய விட்டு வந்ததும் வராததுமா அதுல பந்த எறிஞ்சுக்கிட்டே இருப்பாரு. டமார் டமார்னு சத்தம். பூச்செல்லாம் பேந்து போச்சு. பெயிண்ட் அடிச்சு ஒரு வருஷம் ஆகல, நான் போட்டுத் திட்டினேன். 'குறி பழகுறேன்டி'ன்னாரு. அத ஏன் இவ்வளவு கீழ போட்டுக்கிட்டுப் பழகுறீங்க, குனிஞ்சுக்கிட்டா பிடிப்பாங்கன்னு கேட்டேன். அதுக்கும் ஒரு டமார்தான்."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிப்புன்னு அவரு வாயில வராதுமா. என்கிட்ட சண்ட போட்டாலும் அப்படித்தான். மறுநாள் ஆடுற ஃபேன் ஆடாது, ஒழுகுற குழாய் ஒழுகாது. அத வச்சு நான் தெரிஞ்சுக்கணும்." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "சரி, அவரு எங்க நிப்பாரு?"

இருவரும் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். செம்மண்ணில் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதான்க்கா" என்றாள்.

"நீங்க?"

அவள் முதல் பேஸைக் காட்டினாள். அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அவ்வளவு தூரமா? எங்க பின்கட்டு இதுல பாதிகூட இருக்காதேம்மா." பிறகு, பெருமையை மறைக்கத் தெரியாத குரலில் சொன்னார்: "மனுஷன் நல்லாத்தான் எறிஞ்சிருக்காரு."

"ரொம்ப நல்லா எறிஞ்சாருக்கா."

பல் டாக்டர் விசில் ஊதினார். அன்று அவர்கள் இரண்டு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள். தபால்காரர் ஆறு பந்து எறிந்தார். நான்கை அவள் பிடித்தாள். அக்கா கடைசிவரை இருந்து, யாராவது ஓடினால் போதும், எந்த அணி என்று பார்க்காமல் கைதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவள் கணவனுக்கு ஃபோன் செய்து, நாளைக் காலையில் தோளைக் காட்ட எலும்பு டாக்டரிடம் கூட வர முடியுமா என்று கேட்டாள்.