பீரங்கிக்கு ஒரு வண்டி

பித்தளைக் குழலை மரவண்டியின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். டக்கென்று வலப்பக்கம் நகர்ந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். இடப்பக்கம் டக். விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. மரத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் நான். என் கையால் செய்த வண்டியில் குழல் ஆடுகிறது என்றால் அந்தக் குழலை எங்கேயாவது தூக்கி எறியத்தானே தோன்றும்? எனக்கு முதலில் வருவது கோபம்தான். யோசனையெல்லாம் அப்புறம், நேரம் இருந்தால்.

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. யார் கொண்டுவந்து வைத்தார்கள், யாரைச் சுட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் போலவே மேஜை மேல் வைக்கிற அளவில் சின்னதாக ஒன்று செய்து, மேனேஜருக்குப் பிரிவு உபசாரப் பரிசாகக் கொடுக்க வேண்டுமாம். அவர் பதவி உயர்ந்து தலைமை அலுவலகத்துக்குப் போகிறார். போகிறபோதே எங்கள் பேட்டர்ன் செக்‌ஷனையும் லேத் செக்‌ஷனையும் மாதக் கடைசியில் இழுத்து மூட உத்தரவு போட்டுவிட்டார். எங்களை வீட்டுக்கு அனுப்பிய சாமர்த்தியத்துக்குத்தான் அவருக்கு மேலே நாற்காலி. அவருக்கு நாங்கள் பரிசு செய்து கொடுக்க வேண்டும். எரிகிறதா இல்லையா?

பேட்டர்ன் செக்‌ஷன் என்றால் மர உருவம் செய்கிற இடம். பம்போ, மோட்டார் மூடியோ, எதை வார்ப்பதானாலும் அது முதலில் எங்கள் மேஜையில் மரமாகப் பிறக்க வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, விழுந்த குழியில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். இனி எல்லாவற்றையும் வெளியில் வாங்கிக்கொள்ளப் போகிறார்களாம். பரிசு வேலை என்றதும் செக்‌ஷனில் ஒருத்தன் கூட உளியைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். எங்களில் மூத்தவரை வாத்தியார் என்று கூப்பிடுவோம். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் மட்டும் சரி என்றேன்.

அதற்குக் காரணம் சூப்பர்வைசர். அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. லீவு இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சம்பளம் பிடிப்பதையும் அப்படித்தான். என்னைவிட வயதில் சின்னவர், காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அண்ணே என்பார். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூட்டிப் போய்த் தோளில் கை போட்டார்.

"ஸ்டோர்ல ஒரே ஒரு இடம் இருக்கு அண்ணே. மேனேஜர் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. வண்டி மட்டும் நல்லா வரட்டும், நானே உங்க பேரைச் சொல்றேன். வெளியில மூச்சு விடாதீங்க."

இந்த வயதில் வேறு எவன் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மகள் இப்போதுதான் காலேஜில் கால் வைத்திருக்கிறாள். அந்த ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவள் படித்து முடிக்கிறவரை ஓட்டிவிடலாம். வீட்டில் மட்டும் சொன்னேன். என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமலே, "அந்த ஆளு சிரிச்சா யாருக்கோ குழி வெட்டுறான்னு அர்த்தம். நம்பாதீங்க" என்றாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். உனக்கு என்ன தெரியும், வாயைத் திறந்தாலே விளங்காத பேச்சுதான் என்றேன். அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருந்தாள். அந்த இரவு முழுக்க எனக்கு அவள் மேல் கோபம், அவள் சொன்னது எனக்கும் தெரிந்ததுதான் என்பதால்.

நல்ல தேக்குத் துண்டாகப் பொறுக்கி எடுத்தேன். வண்டியின் இரண்டு பக்கப் பலகையும் பின்பக்கம் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒவ்வொரு படியையும் உளியால் இறக்கினேன். ஆரக்கால் இல்லாத நான்கு குட்டிச் சக்கரங்கள், இரண்டு அச்சு. குழலின் பின்புறத்தை உயர்த்தி வைக்க அடியில் ஓர் ஆப்பு. குழலின் இரு பக்கமும் கட்டைவிரல் மாதிரி ஒரு முளை நீண்டிருக்கும். அந்த முளைகள் உட்காரப் பலகைகளின் மேல்விளிம்பில் அரைவட்டமாகப் பள்ளம் எடுத்தேன். நான் வேலை செய்ததைப் பார்த்தால் மேனேஜர் மேல் எனக்கு உயிர் என்று நினைக்கத் தோன்றும். கூட இருந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். டீ வந்தால் என் டம்ளர் மட்டும் தட்டிலேயே ஆறிக் கிடந்தது. வாத்தியார் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. நான் உள்ளே நுழைந்தால், பீரங்கி வந்துட்டாரு, வழி விடுங்க என்பார்கள். இத்தனை காலம் ஒன்றாகச் சாப்பிட்ட பயல்கள்.

இவ்வளவையும் தின்று செரித்துவிட்டுச் செய்த வண்டியில்தான் குழல் ஆடியது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு நேராக லேத்துக்குப் போனேன். வார்த்து வந்த குழலைக் கடைந்து மெருகேற்றியது மொட்டை. தலையில் பாதிக்கு மேல் முடி இருந்தாலும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. முளைகள் எழும்பாமலிருக்க மேலே வைத்துத் திருகுகிற பித்தளைப் பட்டிகள் இரண்டும் அவன் செய்ததுதான். குழலை ஒல்லியாக்கி என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தினேன். வரைபடத்தில் உள்ளபடிதான் கடைந்தேன், உன் கண்ணைப் போய்க் காட்டு என்று அவனும் கத்தினான். லேத்தை நிறுத்திவிட்டு, குழலை வண்டியில் வைத்துப் பட்டிகளைத் திருகிப் பார்த்தான், அப்போதும் பக்கவாட்டில் ஆடியது. பிறகு அளந்தான். குழல் முடி அளவுகூடப் பிசகவில்லை. அடுத்து வண்டியை அளந்தான். அகலம் கொஞ்சம் கூடுதல். நீளமும் கூடுதல். சக்கரம்கூட. எல்லாமே ஒரே விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல். அவன் பார்வை மெதுவாக என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலுக்கு வந்து நின்றது.

உருகி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் எங்கள் செக்‌ஷன் ஸ்கேலில் ஒவ்வொரு கோட்டையும் நிஜ அளவைவிடச் சற்றுத் தள்ளியே போட்டிருக்கும். அதில் அளந்து மரத்தை வெட்டினால், வார்த்து ஆறிய பிறகு சரியான அளவில் வந்து நிற்கும். பீரங்கிக் குழலின் மர உருவத்தையும் நான் அதில் அளந்துதான் செய்தேன், அது சரி. வண்டியையும் அதிலேயே அளந்திருக்கிறேன். கைப் பழக்கதோஷம். வண்டி மரமாகவேதான் இருக்கப் போகிறது, அதை யார் உருக்கி ஊற்றப் போகிறார்கள்?

மொட்டை லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் வண்டி இன்னும் சூடா இருக்குய்யா. ஆறட்டும், சரியாயிடும்."

"சிரிக்காத. இது சரியா வரலைன்னா என் ஸ்டோர் வேலை போச்சு."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அவன் சிரிப்பு நின்றது. முகம் என்னவோ போல் ஆனது.

"அந்த ஆளு உன்னை அண்ணேன்னு கூப்பிட்டானா?"

"ஆமா."

"தோள்ல கை போட்டானா?"

நான் தோளைத் தடவிக்கொண்டேன். அவன் கையைத் துடைத்த துணியைத் தரையில் அடித்தான். "என்னையும் அண்ணேன்னுதான் கூப்பிட்டான்."

இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். ஸ்க்ரூ வேண்டும் என்று சும்மா ஒரு சாக்கு. ஜன்னலுக்குப் பின்னால் புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எது எந்த அலமாரியில் என்று தெரியாமல் தடுமாறினான். வந்து எத்தனை நாள் ஆச்சு தம்பி என்று மொட்டை தன்மையாகக் கேட்டான். போன மாதமே வந்துவிட்டானாம். சூப்பர்வைசர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தானாம். அதைச் சொல்லும்போது அவனும் சிரித்தான்.

திரும்பி வந்து சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன். வண்டியை ஒரே போடாகப் போட்டிருப்பேன். என்னை அல்ப ஆசை காட்டி ஏமாற்றியதைக்கூட விட்டுவிடுவேன். டீ டம்ளர் ஆறிப்போய்க் கிடந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது? மொட்டை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆட்டத்தைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டினால் போதும். அந்தச் சீவல்கூட என் மேஜையிலேயே கிடந்தது. அதைக் குப்பையில் போட்டேன். மொட்டை திருப்புளியை எடுத்து, முளைகளைப் பிடித்திருந்த பட்டிகள் இரண்டையும் நிதானமாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு வாத்தியாரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார்.

விழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், போட்டோவில் நன்றாக இருக்குமாம். சூப்பர்வைசர் சிரிப்பு மைக்கைப் பிடித்து, இது நம் தொழிலாளர்கள் அன்பால் செய்தது என்றார். எனக்குக் காது சுட்டது. மேனேஜர் பீரங்கியை இரண்டு கையாலும் தூக்கினார். போட்டோக்காரர் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக் காட்டச் சொன்னார். சாய்த்தார். பளபளவென்றிருந்த குழல் பள்ளத்திலிருந்து நழுவி மேடையில் விழுந்து, விளிம்பைத் தாண்டி, வழவழத்த தரையில் வழுக்கிக்கொண்டு வந்து என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அதன் வாய் மேடையைப் பார்த்திருந்தது.

வாத்தியார் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வரிசையில் மற்றவர்களும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார்கள். சிரிப்பு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, எங்கள் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே" என்றார்.

நானும் மொட்டையும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தோம்.

அவர் வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடியே இருந்தது. பின்னால் மேனேஜர், போட்டோவுக்குக் காட்டிய பல் இன்னும் உள்ளே போகாமல், காலி வண்டியை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நின்றார். பக்கத்தில் மொட்டை சட்டைப் பைக்குள் விரலை விட்டு அந்தப் பட்டிகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தான். என் கைகள் முழங்காலின் மேலேயே இருந்தன.